கண்ணாடியில் ஒட்டிய கடவுள்!

பத்து வருடங்களாக ஓட்டிய காரை விற்கப் போகிறீர்கள். வாங்க வந்தவர் வேறு மதத்தைச் சேர்ந்தவர். வண்டியைச் சுற்றி வந்து பார்க்கிறார், திருப்திதான். விலையும் படிந்துவிட்டது. கிளம்பும்போது தயங்கித் தயங்கி ஒன்று சொல்கிறார்: ''பின்பக்கக் கண்ணாடியில் இருக்கிற ஸ்டிக்கரை மட்டும் எடுத்துக் கொடுத்துட்டீங்கன்னா நல்லாயிருக்கும்.''

மரியாதையாகத்தான் கேட்கிறார். கேட்பதற்கு அவருக்கு உரிமையும் இருக்கிறது. ஆனால், அது சாதாரண ஸ்டிக்கரா? 'அண்ணாமலையார் துணை' என்று எழுதி, மலையும் தீபமும் வரைந்தது. கார் வாங்கிய புதிதில் திருவண்ணாமலைக்கு வந்து, கிரிவலம் முடித்து, ஆசை ஆசையாக வாங்கி ஒட்டியது. ராத்திரி நேர நெடும்பயணங்களில், 'அவர் பின்னால் இருக்கிறார்' என்று நிம்மதியாக ஓட்டியிருக்கிறீர்கள்.

இப்போது ஒரு கையில் பிளேடு, மறு கையில் ஈரத்துணி. பிளேடை எங்கே வைப்பது? தீபத்தின் மீதா, மலையின் மீதா? அதுவே முருகன் படமாக இருந்தால், முகத்தின் மீதா, பாதத்தின் மீதா?

இங்கேதான் கை தயங்குகிறது. 'சுவாமி படத்தைச் சுரண்டினால் பாவம் வந்து சேருமா?' என்று மனம் கேட்கிறது. 'வெறும் பிளாஸ்டிக்தானே... இதற்கெல்லாமா யோசிப்பது?' என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சிரிக்கிறான். இருவரில் யார் சொல்வது சரி?

சின்ன விஷயம்தான். ஆனால், இதைப் பிடித்துக்கொண்டு போனால் பெரிய இடத்துக்குப் போய்ச் சேரலாம். வாருங்கள், அடி அண்ணாமலை வரை போய் வருவோம்.

கருவறையில் இருந்து கார் கண்ணாடிக்கு...

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள். செங்கம் சாலையை விட்டு உள்ளே திரும்பி, மலையின் மேற்குப் பக்கமாக நடந்தால் வருகிற கிராமம்தான் அடி அண்ணாமலை. இங்கே ஆதி அண்ணாமலையார் கோயில் கொண்டிருக்கிறார். இது பிரம்மதேவன் பிரதிஷ்டை செய்த லிங்கம் என்கிறது தலவரலாறு. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இங்கேதான் என்பது ஐதீகம். அவருக்கும் இங்கே தனிக் கோயில் உண்டு.

பௌர்ணமி அல்லாத நாட்களில், கோயிலின் முன்னால் வந்து நிற்கிற கார்களைக் கவனித்துப் பாருங்கள். ஓம், வேல், திருநீற்றுப் பட்டை, திருநாமம், குலதெய்வத்தின் பெயர், ஆரஞ்சும் கறுப்புமாகக் கோபம் கொப்பளிக்கும் அனுமன்! இந்த அனுமன், காசர்கோட்டைச் சேர்ந்த ஓவியர் கரண் ஆச்சார்யா 2015-ல் வரைந்தது. சில வருடங்களிலேயே தேசம் முழுக்க வாகனங்களின் பின்னால் ஏறிவிட்டது.

சுவாமியைப் பார்க்க வேண்டுமென்றால் கோயிலுக்குப் போக வேண்டும் என்றிருந்த காலம் உண்டு. வீட்டில் விளக்கு இருக்கும். வசதியானவர்கள் வீட்டில் தஞ்சாவூர் ஓவியம் இருக்கும். 1894-ல் மும்பையில் ரவிவர்மாவின் அச்சுக்கூடம் தொடங்கிய பிறகு, லட்சுமியும் சரஸ்வதியும் ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்தார்கள். நம் பக்கத்தில் கோவில்பட்டி கொண்டைய ராஜு வரைந்த தெய்வத் திருவுருவங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டர்களாக வீடுதோறும் சென்றன. அந்த ஓவியர், இதே திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் தங்கியிருந்தவர் என்பது பலருக்கும் தெரியாத செய்தி!

ஆணி அடித்து மாட்டிய படத்தை, ஒட்டுகிற படமாக்கியது இன்னொரு கண்டுபிடிப்பு. 1935-ல் அமெரிக்காவின் ஸ்டான்டன் ஏவரி, தண்ணீரோ பசையோ தடவாமல் அழுத்தினாலே ஒட்டிக்கொள்கிற லேபிளைத் தயாரித்தார். கடையில் விலைச் சீட்டு ஒட்டுவதற்குப் பிறந்த அந்தப் பொருளில், நாம் நம் இஷ்ட தெய்வத்தை எழுந்தருளச் செய்துவிட்டோம். அதில் தவறே இல்லை. கல், மரம், மண், மஞ்சள், சாணம் என்று எதில் பிடித்து வைத்தாலும் பிள்ளையார் வந்து அமர்கிறாரே... வினைலுக்கு மட்டும் ஏன் வரமாட்டார்?

சட்டம் சொன்னது ஒன்று... மனம் சொல்வது ஒன்று!

கார் கண்ணாடியில் ஒட்டியதை எடுக்கச் சொல்லி அரசாங்கமே சொன்ன சந்தர்ப்பங்களும் உண்டு. 2012 ஏப்ரல் 27-ம் தேதி, கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன், பின் கண்ணாடிகள் வழியாக 70 சதவிகித வெளிச்சமும், பக்கவாட்டுக் கண்ணாடிகள் வழியாக 50 சதவிகித வெளிச்சமுமாவது ஊடுருவ வேண்டும் என்பது விதி. மே 4 முதல் அமலுக்கு வந்தபோது, ஊர் ஊருக்குச் சாலை ஓரத்தில் வண்டிகளை நிறுத்தி, ஃபிலிமை உரித்தார்கள். 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, 'பிரஸ்', 'போலீஸ்', 'வழக்கறிஞர்', 'டாக்டர்' என்றெல்லாம் ஒட்டிக்கொண்டு ஓடிய வண்டிகள் மீது நடவடிக்கை எடுத்தது.

கறுப்பு ஃபிலிம், உள்ளே இருப்பவரை மறைத்தது. 'பிரஸ்' ஸ்டிக்கரோ, உள்ளே இருப்பவர் யாரென்று உரக்கச் சொன்னது. ஒன்று ஒளித்துக்கொள்ள, மற்றது காட்டிக்கொள்ள. சுவாமி ஸ்டிக்கர் இந்த இரண்டில் எந்த வகை?

நாமாகச் சொல்லிக்கொள்கிற பதில், 'இரண்டும் இல்லை. இது பக்தி' என்பதுதான். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால், கொஞ்சம் உள்ளே பார்த்தால் வேறு சிலவும் தென்படும். 'விபத்து வராது' என்கிற பயம் ஒட்ட வைத்திருக்கலாம். 'நாங்கள் இன்னார்' என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்கிற மிடுக்கு ஒட்ட வைத்திருக்கலாம். எதிர்வீட்டுக்காரர் ஒட்டியிருக்கிறாரே என்று நாமும் ஒட்டியிருக்கலாம். எல்லாம் கலந்துதான் இருக்கும். மனித மனதில் சுத்தமான நெய் மட்டும் எங்கே இருக்கிறது?

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். ஓட்டுநர் பின்னால் பார்க்கும் கண்ணாடியை முழுக்க மறைத்துக்கொண்டு ஒரு படம் இருந்தால், அந்தப் படம் யாருடையதாக இருந்தாலும் அது ஆபத்து. கிரிவலப் பாதையிலேயே எத்தனை பேர் இருட்டில் செருப்பில்லாமல் நடந்து போகிறார்கள்! வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு பாட்டி நிற்பது தெரியவில்லை என்றால், கண்ணை மறைத்தது பக்தி என்று சொல்ல முடியுமா? அப்படிப்பட்ட ஸ்டிக்கரை எடுப்பது, ஒட்டியதைவிடப் பெரிய புண்ணியம்.

கோயிலே சொல்லித் தரும் பாடம்

சரி, பாவம் என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு விடை தேடி ஆகமப் பண்டிதர்களிடம் போக வேண்டியதில்லை. கோயிலில் நம் கண்முன்னால் நடப்பதையே பார்த்தால் போதும்.

பூஜையில் ஆவாஹனம் உண்டு. அழைத்து எழுந்தருளச் செய்வது. அதேபோல், யதாஸ்தானம் உண்டு. வந்தவரை நன்றியோடு வழியனுப்புவது. விநாயக சதுர்த்திக்குப் பிடித்து வைத்த களிமண் பிள்ளையாரை மூன்றாம் நாள் தண்ணீரில் கரைக்கிறோம். நேற்றுவரை கொழுக்கட்டை படைத்த அதே கைதான் இன்று கரைக்கிறது. யாரும் பாவம் என்று நினைப்பதில்லை, வழியனுப்பிவிட்டோம் என்பதால்.

இதைவிட ஆச்சரியமானது, அஷ்டபந்தனம். கருவறையில் மூலவரும் பீடமும் தனித்தனிக் கற்கள். இரண்டையும் இணைத்துப் பிடித்திருப்பது ஒரு பசைதான்! கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, ஜாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டுப் பொருள்களைச் சேர்த்து, இடித்து இடித்துப் பதமாக்கி, இளக்கமாக இருக்கும்போதே திரியாகத் திரட்டி இடுக்கில் சாத்துகிறார்கள். நாளாக ஆக, அது கல்போல இறுகிவிடும்.

எட்டு மருந்தும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? பன்னிரண்டு வருடங்களுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்ய வேண்டும் என்று பெரியவர்கள் வைத்ததில் இதற்கும் பங்கு உண்டு. அண்ணாமலையார் கோயிலில் 2017 பிப்ரவரி 6-ம் தேதி நடந்த கும்பாபிஷேகத்தை நம்மில் பலர் நேரில் கண்டு மெய்சிலிர்த்திருப்போம். கோபுரக் கலசத்தில் தீர்த்தம் விழும்போது கைகூப்புகிற நாம், அதற்கு முன்னால் திருப்பணியில் நடக்கிற ஒன்றை யோசிப்பதில்லை. மூலவரின் பாதத்தடியில், உளியை வைத்து, பழைய பந்தனத்தைச் சுரண்டி எடுத்தால்தான் புதிய பந்தனம் சாத்த முடியும்!

எவ்வளவு துணிச்சல்! ஆனால், உளி தொடும் முன்னால் என்ன செய்கிறார்கள்? பாலாலயம். சுவாமியின் சாந்நித்தியத்தைக் கும்பத்தில் கலாகர்ஷணம் செய்து, அத்திப் பலகையில் எழுதிய உருவத்தில் எழுந்தருளச் செய்து, 'கொஞ்ச காலம் இங்கே இருந்தருள வேண்டும்' என்று வேண்டிக்கொண்ட பிறகே வேலை ஆரம்பம்.

ஆக, தெய்வத்தின் அருகே சுரண்டுகிற கை பாவம் செய்வதில்லை. சொல்லாமல் சுரண்டுகிற கைதான் தவறு செய்கிறது. மூலவருக்கே இந்த முறை என்றால், ஆவாஹனமே செய்யாத ஸ்டிக்கருக்கு தோஷம் ஏது? ஆனாலும், அந்தப் படத்தைப் பார்த்து எத்தனையோ முறை 'அப்பா, காப்பாத்து' என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்களே... அந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளை சிரித்தானே, அவன் மறந்தது இதைத்தான். பிளாஸ்டிக்குக்கு மரியாதை வேண்டாம். நம் வேண்டுதலுக்கு வேண்டும்.

எனவே, ஒரு நிமிடம் கைகூப்பி நின்று, 'இத்தனை நாள் கூட வந்தாய். இனி என் நெஞ்சில் இரு' என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். மந்திரம் தெரிய வேண்டிய அவசியமில்லை.

பொறுமையும் ஒரு பூஜைதான்

எடுக்கிற விதமும் முக்கியம். அவசரமாக இழுத்தால் படம் பாதியில் கிழியும். பசை அப்படியே கண்ணாடியில் தங்கும். கிழிந்து தொங்குகிற சுவாமி முகத்தோடு வண்டி ஓடுவதைவிடக் கஷ்டமான காட்சி உண்டா?

முதலில், கொஞ்சம் சூடு வேண்டும். வெயிலில் வண்டியை நிறுத்துங்கள். அல்லது, தலைமுடி உலர்த்தும் டிரையரைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். இளஞ்சூட்டில் நனைத்த துணியை ஒத்தி வைத்தாலும் போதும். பசை இளகும். பிறகு, ஒரு மூலையை நகத்தால் நெம்பி, கண்ணாடியோடு ஒட்டினாற்போல மெள்ள மெள்ள உரித்து வாருங்கள். பிளேடு தேவையே இல்லை, பழைய ஏ.டி.எம். அட்டை ஒன்று போதும். பின்பக்கக் கண்ணாடியின் உட்புறம் பனியை நீக்குவதற்கான மெல்லிய கம்பிக் கோடுகள் இருக்கும். அங்கே பிளேடு பட்டால் கோடு அறுந்துவிடும்.

அப்படியும் கொஞ்சம் பிசுபிசுப்பு மிஞ்சும். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் போகாது. தேங்காய் எண்ணெயோ நீலகிரித் தைலமோ தடவி, கால் மணி நேரம் ஊறவிடுங்கள். எண்ணெய் பசைக்குள் இறங்கி அதைத் தளர்த்திவிடும். துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீரால் அந்த எண்ணெயையும் கழுவிவிட்டால், கண்ணாடி பளிச்! பெட்ரோல், தின்னர் வேண்டாம். ரப்பரையும் பெயின்ட்டையும் அவை கெடுக்கும்.

எடுத்தாயிற்று. கையில் சுருண்டு கிடக்கிற படத்தை என்ன செய்வது? பலர் இங்கேதான் தவறுகிறார்கள். குப்பையில் போடப் பயந்து, அரசமரத்தடியிலோ, குளத்திலோ, கிரிவலப் பாதை ஓரத்திலோ கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். 'சுவாமி இடத்தில் சேர்த்துவிட்டோம்' என்று அவர்களுக்கு நிம்மதி. ஆனால், மரத்தடிகளில் சாய்த்து வைக்கிற பழைய சட்டம் போட்ட படங்கள் மழையில் நனைந்து, சரிந்து, கண்ணாடி நொறுங்கிச் சிதறும். செருப்பில்லாமல் நடந்து வருகிற அடியாரின் பாதத்தில் அது ஏறினால், அந்தப் பாவக் கணக்கு யாருடையது?

நம் மனச் சங்கடத்தை அடுத்தவர் காலடியில் இறக்கி வைப்பது பக்தி ஆகாது. களிமண் கரையும், வினைல் கரையாது. காகிதப் படமானால் சுத்தமான இடத்தில் அக்னிக்குக் கொடுக்கலாம். பிளாஸ்டிக் ஸ்டிக்கரை எரித்தால் நச்சுப் புகை வரும். அதனால், அதைச் சுத்தமான காகிதத்தில் மடித்து, எச்சில் பண்டங்களோடு சேராமல், உலர்ந்த குப்பையாகத் தனியே கொடுத்துவிடுங்கள். வாங்கிக்கொள்கிற துப்புரவுப் பணியாளரின் கைகள் தீட்டான கைகள் இல்லையே. ஊரைத் தினமும் சுத்தம் செய்கிற கைகள் அவை.

மிஞ்சுகிற பிசுபிசுப்பு

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். படம் போய்விட்டது, பசை மட்டும் நின்றது, பார்த்தீர்களா? தூசியை எல்லாம் தன்மேல் இழுத்துக்கொண்டு, படம் இருந்த அதே வடிவத்தில் ஓர் அழுக்குக் கறையாக அது நிற்கும். ஒட்டியபோது நாம் பார்த்தது படத்தை. பசையை யாரும் பார்க்கவில்லை. அது உள்ளே ஒளிந்திருந்தது.

தமிழில் 'பற்று' என்று ஓர் அழகான சொல். ஆசைக்கும் அதே சொல். ஒட்டிக்கொள்வதற்கும் அதே சொல். நெற்றியில் போடும் பற்றும் அதுதான். சோறு ஒட்டிய பாத்திரத்தைப் 'பத்துப் பாத்திரம்' என்கிறோமே, அதுவும் 'பற்று'தான். சாப்பிட்டு முடித்த பிறகும் பாத்திரத்தை விடாமல் காய்ந்து கிடப்பது எதுவோ, அது பற்று!

வாழ்க்கையிலும் அப்படித்தானே? பதவி போய்விடும், 'நான் அதிகாரியாக இருந்தவன்' என்கிற பசை போகாது. சண்டை முடிந்துவிடும், வார்த்தை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. 'நான் கொடுத்தேனே' என்பது விடாது. பொருளை விடுவது சுலபம். விட்டோம் என்கிற நினைப்பையும் சேர்த்து விடுவது கஷ்டம்.

அடிமுடி தேடிய கதை நமக்குத் தெரியும். முடியைப் பார்த்ததாகப் பொய் சொன்ன பிரம்மனிடம் ஒட்டியிருந்தது என்ன? 'நானே பெரியவன்' என்கிற லேபிள்தான். அந்த பிரம்மன் லிங்கம் வைத்து வணங்கிய இடமாக அடி அண்ணாமலையைச் சொல்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தக் கோயிலின் வாசலில் நிற்கும்போதே தலை தானாகத் தாழ்கிறது.

சரி, பசையை எது எடுக்கும்? திருவள்ளுவர் துறவு அதிகாரத்தின் கடைசிக் குறளில், ஏழே சீர்களில் ஆறு முறை பற்றைப் பற்றியே பேசுகிறார். பற்றில்லாத இறைவனிடம் பற்று வைக்க வேண்டும். மற்ற பற்றுகள் விடுவதற்காகவே அந்தப் பற்றைப் பற்ற வேண்டும் என்பது கருத்து. ஒட்டும் பசையை எண்ணெய் எடுத்ததே... எண்ணெயும் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். ஆனால், அது தங்காது. அடுத்த கழுவலில் போய்விடும். அண்ணாமலையில் அமர்ந்திருந்த பகவான் ரமணரும் 'நான் யார்?' நூலில் இதையே வேறு உவமையால் விளக்குகிறார். 'நான் யார்' என்னும் நினைவு மற்ற நினைவுகளை எல்லாம் அழித்து, பிணம் சுடும் தடிபோல முடிவில் தானும் அழிந்துவிடும் என்பது அவர் வாக்கு.

'அப்படியானால் சுவாமி படமே ஒட்டக் கூடாதா?' என்று கேட்கலாம். தாராளமாக ஒட்டுங்கள். பார்வையை மறைக்காத இடத்தில், சின்னதாக, அன்பாக ஒட்டுங்கள். அந்தப் படம் உங்களை நல்லபடியாக ஓட்ட வைத்தால், வழியில் அடிபட்டுக் கிடப்பவருக்காக நிறுத்த வைத்தால், அது துணைதான். படம் ஒட்டியிருக்கிறது என்ற தைரியத்தில் வேகமாக ஓட்டினால், அது வெறும் பசை. 'எடுத்துவிட்டால் காவல் போய்விடுமோ?' என்று பயம் வந்தால், ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நம் காருக்குள் அண்ணாமலையார் ஒட்டிக்கொண்டு வரவில்லை. அவருடைய பரந்த வெளிக்குள்தான் நம் கார் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த முறை கிரிவலம் வரும்போது, அடி அண்ணாமலையில் சற்று நின்று மலையைப் பாருங்கள். இங்கே மலையே லிங்கம். அக்னித் தலம் என்பதால், இறுகிய பசையும் இளகத்தானே வேண்டும்! 'என்மேல் நான் ஒட்டி வைத்திருப்பவை என்னென்ன?' என்று உங்களையே கேட்டபடி நடங்கள். மெள்ள நடக்கலாம்; அவசரமில்லை. அவசரப்பட்டு இழுத்தால் பாதியில்தான் கிழியும்.

ஊருக்குத் திரும்பியதும், வாங்கியவரிடம் சாவியைக் கொடுங்கள். கண்ணாடி சுத்தமாக இருக்கட்டும். மனதிலும் 'என் வண்டி' என்கிற பிசுபிசுப்பு இல்லாமல், 'நல்லபடியா ஓட்டுங்க, தம்பி' என்று வாழ்த்தி அனுப்புங்கள். அவரை எந்தத் தெய்வம் காக்கும் என்று நாம் கவலைப்பட வேண்டியதில்லை. காப்பவனுக்கு நாம் வைத்த பெயர்கள்தான் வேறு வேறு!